முந்நூற்று நாற்பது மீட்டர் நடைபாதை

"எங்கே விழுந்தீங்க?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் மகள்.

"நடைபாதையில."

"எந்த நடைபாதையில?"

அப்பா, மாவுக்கட்டுப் போட்ட இடது கையைக் கைக்குழந்தையைப் போல மடியில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே எதிர்வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையே கண்காட்சி பார்ப்பதுபோல் சற்று நேரம் பார்த்துவிட்டு, "உன் நடைபாதையில" என்றார்.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஊரில் நடைபாதைகள் எத்தனையோ உண்டு. "உன் நடைபாதை" என்று அவளிடம் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். நூலகத்தின் வாசலில் தொடங்கி, சந்து முனை வரைக்கும் முந்நூற்று நாற்பது மீட்டர். நகராட்சியில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தபின் அவள் தன்னந்தனியாகக் கையெழுத்துப் போட்டு முடித்த முதல் வேலை. ஜல்லியைக் கொட்டியதும் அவள் கண் எதிரில்தான். மணலைப் பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்ததும் அவள் கண் எதிரில்தான். மழைத் தண்ணீர் தேங்காமல் வடிகாலுக்கு ஓட வேண்டும், அதே சமயம் நடக்கிறவருக்குச் சரிவே தெரியக் கூடாது என்று, கைப்பையில் எப்போதும் மட்டம் பார்க்கிற ரசமட்டக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை குனிந்து பார்த்தாள். அலுவலகத்தில் அவளுக்கு "ரசமட்டம் மேடம்" என்று பேர் வந்தது அதனால்தான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரிலேயே சொன்னார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

இன்னும் பதினொரு நாளில் அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. அது முடிந்ததும் இதே மாதிரி இன்னும் மூன்று தெருக்களுக்கு அவளையே நடைபாதை போடச் சொல்லப் போவதாக ஆணையர் வாய்விட்டே சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்து, அந்த நடைபாதையின் முதல் விபத்து. அதுவும் பெற்ற அப்பா.

"கல்லு ஆடிச்சாப்பா? தூக்கிக்கிட்டு இருந்ததா?"

"விழுந்தேன். அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை.

அவர் அப்படித்தான். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி, ஒரு கீறல் கூட இல்லாமல் ஓய்வு பெற்றவர். ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதி வைத்திருந்ததை வீட்டுக்கும் சேர்த்து எழுதியதாக எடுத்துக்கொண்டவர். மகளுக்கு வேலை கிடைத்தபோது "ம்" என்றார். நடைபாதை திறந்த அன்று முழங்கால் வலி என்று வரவில்லை; எப்படிப்பா இருக்கு என்று பிறகு கேட்டபோது, "நடக்கலாம்" என்றார். தினமும் காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். பூங்கா இருப்பது ஊரின் அந்தக் கோடி, நூலகத் தெரு இந்தக் கோடி. அப்படியிருக்க இவர் இங்கே எதற்கு வந்தார்? குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருப்பார் என்று தோன்றியது ரசமட்டம் மேடத்துக்கு. கண்டுபிடித்தும்விட்டார், பாவம், கையாலேயே. மகளின் வேலைக்கு வினையாகிவிடுமே என்று இப்போது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

அன்று ராத்திரி அலாரத்தை நாலரைக்கு வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ரசமட்டக் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சந்து முனையில் விழுந்தார் என்ற அளவுக்கு அம்மா அவரிடமிருந்து கறந்து வைத்திருந்தாள். அதனால் கடைசி இருபது வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள், மண்டியிட்டுப் பார்த்தாள், கடைசியில் நடைபாதையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைக் கல்லோடு வைத்துப் பார்த்தாள்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "கம்மல் விழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தேட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். கல்லு வைத்ததா, வெறும் தங்கமா என்று ஒருத்தி விசாரித்தாள். இல்லாத கம்மலை நான்கு பேர் தேடிக்கொண்டிருக்க, ரசமட்டத்தின் கண்ணில் அது பட்டது. கடைசி வரிசைக்கு முந்தின வரிசை, மூன்றாவது கல். பக்கத்துக் கல்லைவிட இரண்டு மில்லிமீட்டர் உயரம்.

இரண்டு மில்லிமீட்டர் என்பது ஒரு நாணயத்தின் கனம். நாளைக்கு நாலாயிரம் பேர் நடக்கிற பாதையில் அதை உணர்ந்தவர் ஒருத்தரும் இல்லை. ஆனால் அவள், கொலை செய்த கத்தியைக் கண்டுபிடித்தவள் போல அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்ஜினியரம்மா, உங்க அப்பா விழுந்தப்போ நான் இங்கதான் இருந்தேன். அவரு..." என்று ஒரு குரல் வந்தது.

சந்து முனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர். பூட்டுக்கு மாற்றுச் சாவி ராவித் தருகிறவர். விழுந்தவரைத் தூக்கி வாடகை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவரும் அவர்தான். ஆனாலும் அவரைக் கண்டால் ரசமட்டத்துக்கு உதறல். நடைபாதை போட்டபோது அவருடைய குடையை இரண்டு மீட்டர் தள்ளிப் போட வைத்தவள் அவள். அவர் அதை எதிர்த்து இரண்டு மனு எழுதியவர். கல் ஆடியதைக் கண்ணால் பார்த்தேன் என்று இந்த மனிதர் சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

"அப்புறம் பேசலாங்க, அவசரமா போகணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். கம்மல் கிடைத்துவிட்டதாக நினைத்து நான்கு பேரும் கலைந்தார்கள்.

ஓடிய வேகத்தில் நேராக மேஸ்திரியிடம் போய் நின்றாள். அவர் வந்து கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இதுலயா தடுக்கி விழுந்தாரு? எறும்பு கூடத் தடுக்காதுங்களே."

"மாத்துங்க மேஸ்திரி."

மாற்றினார். பாதை இப்போது நின்ற தண்ணீரைப் போல் மட்டமாக இருந்தது. ஒரே ஒரு சங்கடம். ஆறு மாதம் வெயிலும் மழையும் பட்டு மற்ற கற்கள் மங்கியிருந்தன. புதுக் கல் மட்டும் கட்டின பல்லைப் போல் பளிச்சென்று சிரித்தது. அதுவரை கீழே பார்க்காமல் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்து, இங்கே என்ன ஆச்சு என்று கேட்க ஆரம்பித்தார்கள். சாவிக்காரர் கை நிறையச் சாவியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்த ரசமட்டத்துக்கு உடம்பு கூசியது.

பத்தரை மணிக்குச் சட்டப்பிரிவு அதிகாரி கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் முதலில் ஒரு விரலை உயர்த்திவிட்டுச் சொல்கிற மனிதர்.

"மேடம், கல்லை மாத்தினீங்களா?"

"மாத்தினேன் சார். பழுது இருந்தது."

விரல் உயர்ந்தது. "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

அவர் பொறுமையாகவே விளக்கினார். பொது வேலையில் ஒரு குறை இருந்து, அது நகராட்சிக்குத் தெரியாமலே ஒருத்தர் விழுந்தால் அது விபத்து. தெரிந்தும் விட்டிருந்தால் அது அலட்சியம். அலட்சியம் என்றால் பதில் சொல்ல வேண்டியது நகராட்சி. கல் அப்படியே கிடந்திருந்தால், எங்களுக்குத் தெரியாது என்றாவது சொல்லலாம். இப்போது விபத்துக்கு மறுநாளே, யாரையும் கேட்காமல், பதிவேட்டில் ஒரு வரி எழுதாமல் மாற்றியாகிவிட்டது. அதாவது குறையை ஒப்புக்கொண்டு, ஆதாரத்தையும் அழித்தாயிற்று.

"நான் அழிக்கல சார், சரி பண்ணினேன்."

"கோர்ட்டுல ரெண்டுக்கும் ஒரே பேர்தான். பழைய கல்லு எங்கே?"

பழைய கல் மேஸ்திரி வீட்டில், தண்ணீர் டிரம் ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. ரசமட்டமே போய், மேஸ்திரியின் மனைவி முறைக்க முறைக்க டிரம்மைச் சாய்த்து, கல்லை மீட்டு, துணியில் சுற்றி அலுவலகத்துக்குக் கொண்டு வந்தாள். மேஜை மேல் வைத்து, "ஆதாரம், நகர்த்த வேண்டாம்" என்று சீட்டும் ஒட்டினாள். அன்று முழுக்கப் பக்கத்து மேஜைக்காரர் டீ டம்ளரை அதன் மேல்தான் வைத்தார். அத்தனை மட்டமான இடம் அந்த அலுவலகத்தில் வேறில்லை.

மறுநாள் காலை விபத்து அறிக்கை. வேலைக்குப் பொறுப்பான பொறியாளர்தான் அதை எழுத வேண்டும் என்பது விதி. பாதிக்கப்பட்டவர் பெயருக்கு எதிரே அப்பா பெயரை எழுதினாள். பொறுப்பான பொறியாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சமும் தயங்காமல் "என் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே விழுந்தது.

அறிக்கையைப் படித்த சட்டப்பிரிவு அதிகாரிக்கு உயர்த்துவதற்கு விரல் கூட வரவில்லை.

"இந்தக் கட்டத்துல எல்லாரும் 'விசாரணையில் உள்ளது'ன்னு எழுதுவாங்க மேடம். நான் வேலைக்கு வந்த நாளா அப்படித்தான்."

"நான்தானே சார் போட்டேன். நல்லா இருந்தப்போ என் வேலைன்னு சொல்லிக்கிட்டேன். இப்போ மட்டும் விசாரணையில உள்ளதுன்னு எழுதறதா?"

அவர் அறிக்கையை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு, பொறியாளரே குறை என்று எழுதிக் கொடுத்த பாதையில் இனி ஜனங்களை நடக்க விட்டால் அது தெரிந்தே செய்கிற அலட்சியம் என்றும், பாதை முழுவதையும் உடனே அடைத்தாக வேண்டும் என்றும் சொன்னார்.

அடைத்தார்கள். முந்நூற்று நாற்பது மீட்டருக்கும் சிவப்பு வெள்ளை நாடா கட்டி, பத்தடிக்கு ஒரு கூம்பு வைத்தார்கள். ஜனங்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். அவர்களுக்கு ஒதுங்கிய ஒரு கார், காருக்கு ஒதுங்கிய ஒரு மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கிய முட்டைக்காரர். அவர் சைக்கிளோடு நகராட்சியின் கூம்பு ஒன்றில் மோதி விழுந்தார். அவருக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்லை. நான்கு அட்டை முட்டைகளைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. மதியத்துக்குள் மனு வந்துவிட்டது.

"முதல் கேஸ்ல ஒரு கல்லு மேல பழி போடலாம்" என்றார் சட்டப்பிரிவு அதிகாரி. "ரெண்டாவது கேஸ்ல நாமளே குறுக்க நிக்கிறோம்."

சாயங்காலம் ஆணையர் அறையிலிருந்து உத்தரவு வந்தது. வியாழக்கிழமை காலை சம்பவ இடத்திலேயே விசாரணை. விழுந்தவரும் வர வேண்டும். குறை உறுதியானால் கற்கள் அத்தனையையும் பெயர்த்தெடுத்துவிட்டு சிமெண்ட் தளம். பொறியாளரின் கோப்பு தனியாகப் பரிசீலிக்கப்படும்.

வேலை போனாலும் போகட்டும் என்று தேற்றிக்கொள்ள முடிந்தது அவளால். அந்தக் கற்களைக் கடப்பாரையால் பெயர்ப்பார்கள் என்பதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வரிசை போட்ட நாளும் அவளுக்கு நினைவிருந்தது. தூறல் விழுந்த அன்று போட்ட வரிசை எது, மேஸ்திரிக்குப் பேத்தி பிறந்த செய்தி வந்தபோது போட்ட வரிசை எது என்று கூட அவளால் காட்ட முடியும்.

வீட்டுக்குப் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க நஷ்டஈடு கேட்டு மனு கொடுங்க. நானே எழுதித் தரேன்."

"எதுக்கு?"

"விழுந்ததுக்கு. எனக்காகப் பார்த்து நீங்க எதையும் மறைக்க வேண்டாம். தப்பு என்னோடது."

அப்பாவின் முகம் சிவந்தது. "அந்த நடைபாதையில ஒரு குறையும் கிடையாது. யாரு சொன்னா குறைன்னு? எவன் சொன்னான்?"

"நான்தான்பா சொன்னேன். எழுதியும் கொடுத்துட்டேன்."

"உன்னை யாரு எழுதிக் கொடுக்கச் சொன்னது?" என்று கத்தினார். கத்திவிட்டு, கத்தியதற்காக வெட்கப்பட்டவர்போல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கப் போய்விட்டார்.

"குறை இல்லன்னா எப்படிப்பா விழுந்தீங்க?"

அப்பா மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். முப்பத்தோரு வருஷம் இத்தனை பெரிய பஸ்ஸை ஒரு இடிபாடு இல்லாமல் கொண்டு வந்து நிறுத்திய மனுஷனுக்கு, இரண்டு காலை ஒழுங்காகக் கொண்டு வந்து சேர்க்கத் தெரியவில்லையே என்று ஆரம்பித்தாள். கண்ணாடியை மாற்றச் சொல்லி ஆறு மாதமாகச் சொன்னது, அந்தத் தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடச் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தாள். வழக்கமாக அம்மாவின் முதல் வாக்கியத்துக்கே எழுந்து வெளியே போய்விடுகிற அப்பா, அன்று எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். ஆமாம், கண்ணாடிதான், செருப்புதான் என்று அவசரமாக ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

அதைப் பார்த்ததும் ரசமட்டத்துக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தனக்காக அவர் அம்மாவிடம் கூடத் தோற்றுப்போகத் தயாராக இருக்கிறார். இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்?

வியாழக்கிழமை காலை சந்து முனையில் கூடினார்கள். ஆணையர், சட்டப்பிரிவு அதிகாரி, மேஸ்திரி, கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்ட அப்பா, அவரைப் பிடித்துக்கொள்ள அம்மா. தன் முட்டைகளுக்கு நியாயம் கேட்க வந்த முட்டைக்காரரும் ஒரு ஓரமாக நின்றார். புதுக் கல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. பழைய கல்லை ரசமட்டம் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஆணையர் பாதையின் நீளத்துக்கும் ஒரு முறை நடந்துவிட்டு வந்தார். வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள், இந்த ஒரு கல்லால் இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தமாகச் சொன்னார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சரியாக இடிக்காமல் விட்டிருக்கலாம், அப்படி எழுதினால் உங்கள் பேர் தப்பும் என்று சட்டப்பிரிவு அதிகாரி அவள் காதருகே மெல்லச் சொன்னார். அத்தனை விறைப்புக்கு நடுவில் அவருக்கும் இந்தப் பெண் மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். ரசமட்டம் தலையை நிமிர்த்தினாள்.

"இல்லைங்க சார். இங்கே இருக்கிற ஒவ்வொரு கல்லும் நான் பார்த்து, நான் சரின்னு சொல்லி வெச்சது. மேஸ்திரி மேலயும் அவர் ஆளுங்க மேலயும் ஒரு குத்தமும் இல்லை. முந்நூற்று நாற்பது மீட்டரும் என் வேலை. நல்லதும் எனக்குத்தான், கெட்டதும் எனக்குத்தான்."

மேஸ்திரி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா, யாரும் கேட்காமலே, "என் பொண்ணுங்க" என்று முட்டைக்காரரிடம் சொன்னாள். அப்பாவோ காது மடல் வரை சிவந்து, வானத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆணையர் அவர் பக்கம் திரும்பி, எப்படி விழுந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார். இன்னொரு தடவை கேட்டார்கள். இன்னொரு தடவை திறந்து மூடினார்.

"குறை உண்மைன்னு எழுதிக்கலாமா?" என்றார் சட்டப்பிரிவு அதிகாரி. ஆணையர் பெருமூச்சு விட்டுத் தலையசைத்தார். காகிதம் நீண்டது. ரசமட்டம் கல்லை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

அப்போதுதான் சாவிக்காரர் குடைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

"நாலு நாளா சொல்ல வரேன், இந்த அம்மா ஓடிக்கிட்டே இருக்காங்க" என்றார்.

"அதான் எழுதிக் கொடுத்தாச்சுங்களே, நீங்க வேற எதுக்கு?" என்றாள் ரசமட்டம்.

"விடுப்பா, உனக்குப் புண்ணியமா போகும்" என்றார் அப்பா, அந்த நான்கு நாட்களில் முதல் முறையாகக் கெஞ்சும் குரலில்.

"நீங்க சொல்லுங்க" என்றார் ஆணையர்.

சாவிக்காரர் கையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டு அப்பாவைக் கை காட்டினார். "கல்லு என்னங்க பண்ணும், இவரு தினமும் காலையில யாரையாவது கூட்டிட்டு வந்து, அவங்க முகத்தைப் பார்த்தபடியே ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுப் பின்பக்கமாவே நடந்து, 'இவ்வளவும் என் பொண்ணு போட்டது'ன்னு காட்டிக்கிட்டே வருவாரு, அன்னைக்கு நடைபாதை முடிஞ்சு போச்சு, இவரு பேச்சு முடியல."